காதற்ற வளையம்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். ஏலக்காய் வாணிகத்தால் பெயர் பெற்றது. அவ்வூரின் எத்தெருவில் நின்று நோக்கினும் தெருவின் முடிவில் மலை தோன்றும். அம்மலைமீது 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை உண்டு. பொழுது புலருமுன் ஊர்க்கோடியில் ஜீப்புகள் வரிசையாய் நிற்பதும், அவற்றில் தோட்டத் தொழிலாளர் தூக்குச் சட்டிகளுடன் நெருங்கி அமர்வதும் அங்கே நாள்தோறும் காணும் காட்சியாகும். சாலை முடிந்த பின்னரும் அவ்வூர்திகளின் பயணம் முடிவதில்லை. சேறும் கல்லும் நிறைந்த தோட்டத்து வழிகளில் அவை மேலும் ஏறும்.

அவ்வூரில் ஜீப்புகளைச் செப்பனிடும் பட்டறை ஒன்று உண்டு. அதற்கு உரியவர் எழுபது வயதைக் கடந்தவர். ஊர்தியின் ஒலியைக் கேட்ட அளவிலேயே அதன் நோயைச் சொல்ல வல்லவர் என்று ஓட்டுநர்கள் அவரைப் போற்றுவர். பள்ளிப்படிப்பை முடித்த பேரன் ஒருவன் அவரிடம் தொழில் பயின்று வந்தான்.

ஒரு நாள் காலையில் பழைய ஜீப் ஒன்று கயிறு கட்டி இழுத்துவரப் பெற்றுப் பட்டறை வாயிலில் நின்றது. வண்ணம் உதிர்ந்து, இருக்கைகள் கிழிந்து, தரைத்தகடு துருவேறி இருந்த அதனை அஞ்சல் அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர் விலைக்கு வாங்கியிருந்தார். அவருடைய தந்தை முன்னொரு காலத்தில் மலைத்தோட்டம் ஒன்றில் இதே ஜீப்பை ஓட்டியவர். அதன் பதிவெண்ணைக் கொண்டு அவர் அதனைத் தேடி, பலர் கை மாறி ஓர் எண்ணெய் ஆலையின் பின்புறத்தில் கிடந்ததைக் கண்டு வாங்கினார். "ஐயா, அப்பா ஓட்டிய வண்டி. மறுபடியும் மலை ஏற வேண்டும்," என்றார். பெரியவர் பதிவெண் பலகையைச் சிறிது நேரம் உற்று நோக்கினார்; "பார்க்கலாம், தம்பி," என்றார்; வேறொன்றும் சொல்லவில்லை.

ஜீப்பின் பிறப்பு போரொடு தொடர்புடையது. 1940-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்கத் தரைப்படையினர், நான்கு சக்கரங்களாலும் இயங்கும் சிறு ஊர்தி ஒன்று வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தனர். பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்னும் சிறு நிறுவனம், கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளரைக் கொண்டு ஊர்தியை வடிவமைத்து, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் படையினரிடம் ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய பெரிய நிறுவனங்கள் அதனைச் செம்மை செய்து, போர் முடியுமுன் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்திகளைச் செய்து குவித்தன. முதலில் செய்தவருக்குக் கிடைத்த பங்கு சிறிது. உலகில் இது புதுமையன்று. போருக்குப் பின் அவ்வூர்தி உழவர்க்கும் தோட்டக்காரர்க்கும் உதவும் வடிவம் பெற்றது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் உறுப்புகளைத் தருவித்துப் பம்பாயில் இணைக்கத் தொடங்கினர். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்தனர். போடிமலையில் ஏறும் ஜீப்புகளின் முன்னோர் இவையே.

எஞ்சினில் பிறக்கும் சுழற்சி கியர் பெட்டியைக் கடந்து, நீண்ட தண்டொன்றின் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் செல்வது அக்காலத்துப் பொதுவான ஊர்திகளின் அமைப்பு. ஜீப்பிலோ, கியர் பெட்டியின் பின்புறத்தில் வார்ப்பிரும்பாலான மற்றொரு பெட்டி ஒட்டியிருக்கும். பட்டறையில் அதனை டிரான்ஸ்பர் கேஸ் என்பர். அது தன்னிடம் வந்த சுழற்சியை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்து தருகிறது. அன்றியும், வேண்டும்போது சுழற்சியின் விரைவைக் குறைத்து, வலிமையை ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருக்குகிறது. ஓட்டுநரின் கையருகே இதற்கென இரு சிறு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று முன்சக்கரங்களைச் சேர்க்கும். மற்றொன்று விரைவுநிலை, மெல்நிலை என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்.

முன்சக்கரங்களைச் சேர்த்தாலன்றி மெல்நிலை சேராதவாறு உள்ளே ஒரு தடை அமைத்துள்ளனர். பெருகிய வலிமை முழுவதையும் பின் அச்சு ஒன்றே தாங்கினால் அது முறிய நேரிடும். ஆதலின் இரண்டு அச்சுகளும் சுமையைப் பகிர்ந்து கொண்ட பின்னரே அவ்வலிமை வெளிப்பட வேண்டும் என்று வகுத்தனர். மேலும், உலர்ந்த தார்ச்சாலையில் முன்சக்கர இணைப்பைப் பயன்படுத்தலாகாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட மிகுந்த தொலைவு செல்கின்றன. சேற்றில் சக்கரம் சிறிது வழுக்கி இவ்வேறுபாட்டைத் தீர்த்துக் கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமின்மையால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கித் துன்புறும்.

ஊர்தியில் செப்பனிட வேண்டியவை பல இருந்தன. அவற்றுள் இப்பெட்டியே முதற்கண் கழற்றப்பட்டது. "எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் இது கைவிட்டால் வண்டி நிற்காது," என்று பெரியவர் பேரனிடம் கூறினார்.

முதலில் அடியிலுள்ள திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தனர். கறுத்த எண்ணெய் கூழ்போல் இறங்கியது. பெரியவர் அதில் விரலை நனைத்து வெயிலில் பிடித்தார். இரும்புத்துகள் மின்னியது. "உள்ளே ஒன்று மற்றொன்றைத் தின்றிருக்கிறது," என்றார். பின்னர் முன்னும் பின்னும் செல்லும் தண்டுகளை விடுவித்தனர். இவ்வூர்தியில் கைத்தடை சக்கரத்தில் இல்லை. பெட்டியின் பின்புறத்து உருளையில் அமைந்துள்ளது. அதனையும் கழற்றினர். கியர் பெட்டியின் மேல்மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் தண்டினைக் கம்பியால் முன்பக்கமாக இழுத்துக் கட்டினார் பெரியவர். பேரனுக்குக் காரணம் விளங்கவில்லை. டிரான்ஸ்பர் கேசைப் பின்னோக்கி இழுக்கும்போது அத்தண்டும் உடன் வந்துவிட்டால், கியர் பெட்டியின் உறுப்புகளும் நிலை குலைந்துவிடும். ஒன்றைச் செப்பனிடப் புகுந்து இரண்டைக் கெடுத்தவர் பலர் உளர் என்று அவர் விளக்கினார்.

பெட்டி மேசைமீது ஏறியது. மண்ணெண்ணெயால் புறத்தைக் கழுவி முடிக்கவே ஒரு முற்பகல் சென்றது. உள்ளே திறக்குமுன் வெளியே ஒரு துகளும் இருத்தலாகாது என்பது அப்பட்டறையின் விதி. கழற்றும் ஒவ்வோர் உறுப்பும் கழன்ற வரிசையிலேயே தட்டுகளில் அடுக்கப்பட்டது. பின்புறத்து மூடியின் அடியில் காகிதம் போன்ற மெல்லிய தகடுகள் சில இருந்தன. அவற்றை எண்ணி, நூலால் கோத்து, அம்மூடியிலேயே கட்டித் தொங்கவிட்டார் பெரியவர். தண்டு முன்பின்னாக அசைவதற்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்குவரை இடம் இருத்தல் வேண்டும். அவ்விடத்தை அளந்து தருவன இத்தகடுகளே. இரண்டு மூன்று தலைமயிரின் பருமனுக்குள் அடங்கும் கணக்கு இது.

நெம்புகோல்களால் நகரும் கம்பிகளை உருவும்போது ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. அக்கம்பிகளைத் தத்தம் நிலையில் நிறுத்துவதற்காக வில்லும் குண்டும் அமைந்திருக்கும். "துணியால் மூடிக்கொண்டு இழு," என்று பெரியவர் சொல்லி முடிக்குமுன் பேரன் இழுத்துவிட்டான். குண்டு துள்ளிக் கூரைத் தகட்டில் மோதி, எங்கோ விழுந்தது. பகலுணவுக்குப் பின் நெடுநேரம் அவன் தரையில் ஊர்ந்து தேடினான். பழைய டயர் ஒன்றின் உள்ளே அது கிடைத்தது. பெரியவர் கடிந்துகொள்ளவில்லை, அடுத்த குண்டை எடுக்கும்போது துணி தானாகவே வந்தது.

பட்டறைச் சொற்களைப் பற்றி இங்கே ஒன்று கூறத்தகும். கியர், போல்ட்டு, பேரிங்கு முதலிய பெயர்கள் பிறமொழியினின்று வந்தன. ஆயினும் அவற்றின் பகுதிகளைக் குறிக்கத் தொழிலாளர் தம் உடலையே துணைக்கொண்டனர். போல்ட்டுக்குத் தலை உண்டு. தண்டுக்குக் கழுத்து உண்டு. சக்கரத்துக்குப் பல் உண்டு. குழாய்க்கு வாய் உண்டு. ஒரு வளையம் சுழலாதவாறு பெட்டியின் பள்ளத்தில் பொருந்தும் சிறு நீட்சிக்குக் காது என்று பெயர். எழுதப் படிக்க அறியாதாரும் இப்பெயர்களால் நுட்பம் பிழையாது பேசுவர்.

பெட்டியின் நடுவே இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன்மேல் பெரிதும் சிறிதுமான இரண்டு பல்வரிசைகள் கொண்ட சக்கரம், ஊசி போன்ற உருளைகளின்மீது சுழல்கிறது. போர்க்காலத்து ஜீப்பில் அத்தண்டின் பருமன் 3/4 அங்குலம். அது விரைவில் தேயக் கண்டு பின்னர் 1 1/8 அங்குலமும், அதன்பின் 1 1/4 அங்குலமுமாகப் பெருக்கினர். பெரிய பல்வரிசை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் அச்சக்கரம் சுழலும்போது முன்னாயினும் பின்னாயினும் தள்ளப்படும். அத்தள்ளுதலை ஏற்பதற்காகச் சக்கரத்தின் இருபுறமும் வெண்கல முகமுடைய வளையங்கள் வைக்கப்படும். மெல்நிலையில், வேறொரு சக்கரம் நகர்ந்துவந்து இடைச்சக்கரத்தின் சிறிய பற்களைப் பற்றும்.

பூட்டுத்தகட்டைக் கழற்றிய பின், பித்தளைக் கோலை வைத்துத் தட்டி, பெரியவர் அத்தண்டைப் பின்புறமாக வெளியேற்றினார். எஃகுக் கோலைவிடப் பித்தளை மென்மையாதலின் தண்டின் முகத்தை அது புண்படுத்தாது. சக்கரம் வெளியே வந்தது. சிறிய பற்கள் ஒருபுறம் தேய்ந்து சரிந்து, கழைக்கூத்தன் ஆப்புப்போல் கூம்பியிருந்தன. ஊசிகள் தட்டில் சிந்தின. முன்புறத்து வளையம் மெலிந்திருந்தும் முழுமையாக இருந்தது. பின்புறத்தில் இருந்து எடுத்ததைப் பேரன் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"தாத்தா, இது வெண்கலம் இல்லை. வெறும் இரும்புத் தகடு. காதும் இல்லை. யாரோ வேலை தெரியாதவர் செய்தது."

பெரியவர் அதனை வாங்கி விளக்கின் அருகே கொண்டு சென்றார். ஓரத்தில் உளியால் வெட்டிய தடங்கள் இருந்தன. அத்தடங்களின்மேல் அரத்தால் மூன்று முறை இழுத்த கோடுகள் இருந்தன. காது இல்லாமையால் அவ்வளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, பெட்டியின் உட்சுவரையே அரைத்துப் பள்ளமாக்கியிருந்தது.

"வேலை தெரிந்தவன்தான் செய்தான்," என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே மேசையில் அதே பெட்டி கிடந்தது. ஏலக்காய் பறிக்கும் காலம். வளையம் தேய்ந்திருந்தது, மாற்று வளையம் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலையில் ஜீப் வேண்டும் என்று தோட்டத்தார் நெருக்கினர். பண்டை நாளில் உப்பு வண்டி ஓட்டிய உமணர், வழியில் முறியக்கூடும் என்று கருதி மற்றோர் அச்சை வண்டியின் கீழே கட்டிச் சென்ற செய்தியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றால் அறிகிறோம். அத்தோட்டத்திலோ ஒரு வளையம்கூட மிகையாய் இல்லை. அவர் தகடு ஒன்றை வெட்டி வளையம் செய்தார். காது வைத்து வெட்டுவதற்கு மேலும் அரைநாள் வேண்டும். ஒரு வாரம் ஓடட்டும், பின்னர் மாற்றிக் கொள்ளலாம் என்று எண்ணினார். வாரம் சென்றது, திங்களும் சென்றது, ஜீப் திரும்பி வரவில்லை.

மழை நாள் ஒன்றில், தோட்டத்து இறக்கத்தில், மெல்நிலையில் இறங்கிக் கொண்டிருந்த அந்த ஜீப்பின் நெம்புகோல் தானாகக் கழன்றது. எஞ்சினின் பிடி அற்ற ஊர்தி பாய்ந்தது. தடைகளில் சேறும் நீரும் புகுந்திருந்தன. ஓட்டுநர் அதனை மலைப்பக்கத்து மண்சரிவில் மோதி நிறுத்தினார். உடன் வந்த இருவருக்கும் தீங்கில்லை. ஊர்தியின் முகம் நசுங்கியது. "கோல் தானாகக் கழன்றது," என்று அவர் சொன்னார். தோட்டத்தார் பட்டறைக்கு ஆள் அனுப்பி, கோல் தானாகக் கழலுமா என்று வினவினர். "கழலாது, சரியாகப் போட்டிருக்கமாட்டார்," என்று பட்டறைக்காரர் விடையளித்தார். ஓட்டுநரின் வேலை போயிற்று. கவனமற்றவர் என்ற பெயரால் வேறு தோட்டங்களிலும் அவருக்கு ஜீப் கிடைக்கவில்லை. இறுதிவரை அவர் பிறர் கடையில் மூட்டை சுமந்தார்.

அன்றிரவு பேரன் இவையனைத்தையும் கேட்டான். நெடுநேரம் கழித்து, "புதிய வளையம் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும், தாத்தா? பழைய இரும்போடு போட்டுவிடலாமே," என்றான். பெரியவர் அவ்வளையத்தைத் துடைத்து, கழன்ற வரிசையில் அதற்குரிய தட்டில் வைத்தார்.

மறுநாள் மாலையில் அஞ்சல் அலுவலகத்திலிருந்து மகன் வந்தார். பெரியவர் அவரை மேசையருகே அழைத்து, தேய்ந்த பற்களையும் பெட்டியின் பள்ளத்தையும் காட்டினார். வளையத்தை அவர் கையில் கொடுத்தார், நடந்ததைச் சொன்னார். "தோட்டத்து ஆள் வந்து கேட்டபோது இந்த வளையம் எனக்கு நினைவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய், தம்பி. நினைவிருந்தது. தோட்டத்து வேலை போய்விடும் என்று அஞ்சினேன்," என்றார்.

மகன் கோபங்கொள்வார் என்று பேரன் எதிர்பார்த்தான். அவரோ சக்கரத்தைக் கையில் எடுத்து, "இது எப்படிக் கழலும்? இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றார். பெரியவர் இடைச்சக்கரம் எவ்வாறு பின்னுக்கு ஒதுங்கிச் சாய்ந்தது, பற்கள் நுனியில் மட்டும் பற்றியமையால் எவ்வாறு கூம்பின, இறக்கத்தில் சுமை மாறியபோது அக்கூம்பு நகரும் சக்கரத்தை எவ்வாறு வெளியே தள்ளியது என்று உறுப்புகளை வைத்தே காட்டினார்.

"அப்பா இறக்கத்தில் இடக்கையால் அந்தக் கோலை அழுத்திக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது பழக்கம் என்று நினைத்தேன்," என்றார் மகன். சிறிது பொறுத்து, "இதை அம்மாவிடம் வந்து சொல்வீர்களா, ஐயா?" என்று கேட்டார்.

பெரியவர் கைகளைக் கழுவிக்கொண்டு அப்பொழுதே உடன் சென்றார். அம்முதியவள் வீட்டுத் திண்ணையில் முறத்தில் ஏலக்காயைத் தரம் பிரித்துக் கொண்டிருந்தாள். அவர் சொல்வதைக் கேட்டவாறே அவள் விரல்கள் பச்சைக் காயையும் வெளுத்த காயையும் ஒதுக்கின. அவர் முடித்த பின்னர் வளையத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு சிறியதா?" என்றாள். பின்னர், "அவர் இருக்கும்போது வந்திருக்கலாம்," என்றாள்.

பெரியவர் அதற்கு விடை கூறவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். வளையத்தை அவள் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

பெட்டி கோயம்புத்தூருக்குச் சென்றது. அங்கே கடைசல் தொழிற்கூடம் ஒன்றில் பள்ளமான உட்சுவரைச் சமனாகச் செதுக்கி, தேய்ந்து நீள்வட்டமாகியிருந்த துளைக்குப் புதிய உறை இட்டனர். செதுக்கிய அளவுக்கு ஈடாகப் பருத்த வெண்கல வளையம் ஒன்றும் செய்யப்பெற்றது. அதற்குக் காது இருக்கிறதா என்று பெரியவர் தொலைபேசியில் இருமுறை வினவினார். நல்ல நிலையிலிருந்த இடைச்சக்கரம் ஒன்று பழைய உறுப்புகள் விற்கும் கடையில் கிடைத்தது. தண்டும் ஊசிகளும் புதியன வாங்கப்பட்டன. அவற்றின் விலையை மகன் கொடுத்தார், கூலியைப் பெரியவர் பெறவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் உறுப்புகள் திரும்பச் சேர்ந்தன. ஊசிகளைப் பேரன் ஒவ்வொன்றாக எண்ணி, கிரீசில் ஒட்டவைத்தான், மீண்டும் எண்ணினான். மெல்லிய தகடுகளை ஒருமுறை கூட்டியும் இருமுறை குறைத்தும் அளந்து, தண்டின் அசைவு 6 பங்கில் நின்றபோது பெரியவர் மூடியை இறுக்கினார். ஊர்தியின் பிற பணிகள் முடியப் பல திங்கள் சென்றன.

மழை ஓய்ந்த ஒரு காலையில் ஜீப் மலை ஏறியது. மகன் ஓட்டினார், அருகே அவருடைய தாய், பின்னே பெரியவரும் பேரனும். பதினேழு வளைவுகளையும் கடந்து, தார்ச்சாலை முடிந்து, தோட்டத்து வழி தொடங்கியது. ஏற்றம் எளிதாகவே முடிந்தது. திரும்பும்போது இறக்கத்தின் தலைப்பில் மகன் ஊர்தியை நிறுத்தி, முன்சக்கரங்களைச் சேர்த்தார். பின்னர் மெல்நிலையைச் சேர்த்தார். ஊர்தி ஆமைபோல் இறங்கலாயிற்று. அவருடைய இடக்கை கோலின்மீதே இருந்தது. முதல் வளைவு கடந்தது. இரண்டாவது வளைவும் கடந்தது. தாய் அக்கையையே பார்த்துக் கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில், வழியின் நடுவே கிடந்த கல்லொன்றை விலக்கத் திருப்ப வேண்டியிருந்தது. அவர் கோலை விட்டு இருகைகளாலும் சுக்கானைப் பிடித்தார். பெரியவர் பின்னிருக்கையிலிருந்து முன்னே குனிந்து கோலை நோக்கினார். அது அசையவில்லை.